ஓர் எண்ணின் வேர் வரை: உணவுப் பதப்படுத்தல் குறித்த அரசு ஆய்வுகளைப் படிக்கத் தொடங்குவோருக்கு

பாலைப் பாஸ்டரைஸ் செய்யும், அதாவது சூடாக்கி நோய்க் கிருமிகளை அழிக்கும், பழைய முறை ஒன்றின்படி, அதை 62.8 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருக்க வேண்டும். இந்த எண் அமெரிக்காவில் முன்பு 61.7 ஆக இருந்தது. காசநோய்க் கிருமியைக் கொல்ல அது போதுமானதாகவும் இருந்தது. ஆனால் கியூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா என்ற நுண்ணுயிரி, அந்த வெப்பத்தில் அரை மணி நேரம் இருந்த பின்னரும் பாலில் உயிரோடு எஞ்சக்கூடும் என்பதை 1950களில் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரச் சேவை வெளியிட்ட ஆய்வு காட்டியது. கிருமி கலந்த பாலைப் பல்வேறு வெப்பநிலைகளில் சூடாக்கி, அதைக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தி, அவற்றுக்குத் தொற்று ஏற்படுகிறதா என்று பொறுமையாகப் பார்த்த பிறகே, ஒரு டிகிரிக்குச் சற்று மேலான அந்த உயர்வு விதியாக எழுதப்பட்டது.

உணவைப் பதப்படுத்துவது தொடர்பாக நாம் எங்கும் காணும் எண்கள் பலவற்றின் பின்னால் இப்படி ஓர் ஆய்வு இருக்கிறது. அதற்குப் பெரும்பாலும் பொதுமக்களின் வரிப்பணம் செலவாகியிருக்கிறது. முடிவுகளும் பெரும்பாலும் யாரும் படிக்கக்கூடிய வகையில் வெளியாகியிருக்கின்றன. இருந்தும், அவற்றைத் தேடிப் படிப்பவர்கள் மிகக் குறைவு. ஆய்வகத்தில் புதிதாகச் சேரும் மாணவர், சிறிய அளவில் உணவு தயாரித்து விற்கத் தொடங்குபவர், சுகாதாரத் துறையில் புதிதாகப் பணியேற்றவர் ஆகியோரை மனத்தில் கொண்டு இக்கட்டுரையை எழுதுகிறேன். பள்ளி அளவிலான அறிவியல் அறிவும் ஒரு குறிப்பேடும் இருந்தால் போதும். ஓர் எண்ணைக் கண்டால் அதைப் பயன்படுத்துவதற்கு முன் அதன் வேர் வரை செல்வது எப்படி என்பதே இங்கே கற்றுக்கொள்ள வேண்டியது.

முதல் படி: கேள்வியைச் சுருக்கிக்கொள்ளுங்கள்

"இந்த உணவு பாதுகாப்பானதா?" என்ற கேள்வியுடன் ஆய்வறிக்கைகளுக்குள் நுழைந்தால் விடை கிடைக்காது, ஏனென்றால் எந்த ஆய்வும் அப்படிப் பொதுவாகக் கேட்பதில்லை. எந்த உணவு, அதில் எந்த நுண்ணுயிரி அல்லது நச்சு, அதைத் தடுக்க எந்த வழி, எவ்வளவு காலத்துக்கு என்ற நான்கு கூறுகளும் உங்கள் கேள்வியில் இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, "புகையூட்டி, காற்று நீக்கிய உறையில் அடைத்து, குளிர்பதனப் பெட்டியில் வைத்த மீனில் லிஸ்டீரியா என்ற நோய்க் கிருமி எத்தனை நாளில் ஆபத்தான அளவுக்குப் பெருகும்?" என்பது ஆய்வு விடை சொல்லக்கூடிய கேள்வி.

கெட்டுப்போவதும் நோய் தருவதும் ஒன்றல்ல என்பதையும் தொடக்கத்திலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். புளித்து நுரைத்து நாற்றமடிக்கும் உணவு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் போட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் கொடிய நச்சு உள்ள உணவு பார்வைக்கும் மணத்துக்கும் எந்தக் குறையும் இல்லாததுபோல இருக்கக்கூடும். உணவு எத்தனை நாள் நன்றாக இருக்கும் என்பதை அளந்த ஆய்வை, நோய்க் கிருமியைப் பற்றிய சான்றாக எடுத்துக்கொள்வது புதிதாகப் படிப்பவர்கள் அடிக்கடி செய்யும் தவறு. கேள்வியைக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். படிக்கப் படிக்க அது மாறும், அந்த மாற்றங்களையும் அடித்து அழிக்காமல் கீழே கீழே எழுதிக்கொண்டே வாருங்கள்.

இரண்டாம் படி: நான்கு அளவைகளைப் பழகிக்கொள்ளுங்கள்

இந்தத் துறையின் அறிக்கைகள் பெரும்பாலும் வெப்பம், அமிலத்தன்மை, நீர்ச் செயல்பாடு, குளிர் என்ற நான்கு அளவைகளைச் சுற்றியே நகர்கின்றன. இவற்றில் வெப்பத்துக்கு அதிக நேரம் கொடுங்கள். அது புரிந்துவிட்டால் மற்றவை எளிதாகும்.

வெப்பத்தால் நுண்ணுயிரிகள் ஒரே கணத்தில் மொத்தமாக இறப்பதில்லை. ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில், அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு இறக்க ஒரு குறிப்பிட்ட நேரம் ஆகிறது. எஞ்சியதில் பத்தில் ஒன்பது பங்கு இறக்க மீண்டும் அதே நேரம் ஆகிறது. அந்த நேரத்துக்கு 'டி மதிப்பு' என்று பெயர். இந்த டி மதிப்பைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க வெப்பத்தை எத்தனை டிகிரி உயர்த்த வேண்டுமோ, அது 'இசட் மதிப்பு'. இவ்விரண்டையும் வைத்து ஒரு கணக்கைச் செய்து பாருங்கள். கிளாஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற பாக்டீரியா, சூழல் ஒத்துவராதபோது ஸ்போர் எனப்படும் கடினமான உறங்குநிலை வித்தாக மாறிவிடும். 121.1 டிகிரியில் அந்த ஸ்போர்களுக்கு 0.21 நிமிடம் என்ற டி மதிப்பும், 10 டிகிரி என்ற இசட் மதிப்பும் கணக்குக்கு அடிப்படையாக எடுத்துக்கொள்ளப்படுகின்றன. பத்தில் ஒன்றாகக் குறைப்பதைப் பன்னிரண்டு முறை தொடர்ந்து செய்ய வேண்டும் என்பது டின் உணவுத் தொழிலின் நெடுநாள் விதி. பன்னிரண்டை 0.21ஆல் பெருக்கினால் 2.52 நிமிடம் வருகிறது. நடைமுறையில் அதைக் குறைந்தது 3 நிமிடம் என்று வைத்துக்கொள்கிறார்கள். இதே கணக்கை 100 டிகிரிக்குக் கொண்டுவந்தால், டி மதிப்பு ஏறத்தாழ 27 நிமிடமாகவும், பன்னிரண்டு முறை குறைப்பதற்கான நேரம் ஏறத்தாழ 325 நிமிடமாகவும் ஆகிவிடும். அதாவது, கொதிக்கும் நீரில் ஐந்து மணி நேரத்துக்கும் மேல்.

இந்தக் கணக்கின் வேர் 1922இல் வெளியான ஓர் ஆய்வில் இருக்கிறது. டின்னில் அடைத்த ஆலிவ் காய்களால் 1919, 1920 ஆண்டுகளில் அமெரிக்காவில் பலர் இறந்த பிறகு, கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் மேயரும் அவருடன் பணியாற்றிய எஸ்டியும், கோடிக்கணக்கான ஸ்போர்களைச் சூடாக்கி, எந்த வெப்பத்தில் எவ்வளவு நேரம் வரை உயிர் எஞ்சுகிறது என்று அளந்தார்கள். 100 டிகிரிக்கு அவர்கள் கண்ட நேரம் 330 நிமிடம். மேலே நாம் தாளில் போட்ட கணக்கு எவ்வளவு அருகில் வந்து நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அமிலம் குறைந்த காய்கறிகளையும் இறைச்சியையும் வெறும் கொதிநீரில் வைத்து டின்னிலோ கண்ணாடிக் குடுவையிலோ அடைக்கக் கூடாது, அழுத்தத்தில் வேகவைக்கும் கலன் வேண்டும் என்ற அறிவுரைக்கு இதுவே காரணம். இந்தக் கணக்கை ஒருமுறையாவது உங்கள் கையால் போட்டுப் பார்த்த பிறகு, அந்த அறிவுரை வெறும் எச்சரிக்கையாகத் தோன்றாது.

அமிலத்தன்மையைப் பி.எச். என்ற அளவையால் குறிப்பார்கள். எண் குறையக் குறைய அமிலம் கூடும். இங்கே நினைவில் வைக்க வேண்டிய எல்லை 4.6. அதற்குக் கீழே போட்டுலினம் ஸ்போர்கள் முளைத்து நச்சை உண்டாக்குவதில்லை. ஆனால் முளைக்காதிருப்பது வேறு, இறந்துபோவது வேறு. 1996இல் அமெரிக்காவில் பாஸ்டரைஸ் செய்யாத ஆப்பிள் சாறு குடித்தவர்களுக்கு ஈ. கோலை என்ற பாக்டீரியாவால் நோய்த்தொற்று ஏற்பட்டது. ஆப்பிள் சாறோ 4.6க்கு நன்கு கீழே இருக்கும் அமிலப் பொருள். அமிலம் அந்தக் கிருமியைப் பெருக விடாமல் தடுத்திருக்கலாம், கொல்லவில்லை. பின்னர் 2001இல் வந்த விதி, சாற்றில் உள்ள நோய்க் கிருமிகளை ஒரு லட்சத்தில் ஒன்றாகக் குறைக்க வேண்டும் என்று கேட்டது. ஓர் அறிக்கை 'தடுக்கிறது' என்கிறதா, 'அழிக்கிறது' என்கிறதா என்பதை ஒவ்வொரு முறையும் அடிக்கோடிட்டுப் படியுங்கள்.

நீர்ச் செயல்பாடு என்பது உணவில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. அந்த நீரில் நுண்ணுயிரிக்கு எட்டக்கூடியது எவ்வளவு என்பதைச் சொல்கிறது. தூய நீருக்கு 1. உப்பும் சர்க்கரையும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால், ஈரமாகத் தோன்றும் உணவிலும் இந்த எண் தாழ்ந்திருக்க முடியும். உணவு கெடுவதை இந்த அளவையுடன் இணைத்து விளக்கியதில் டபிள்யூ. ஜே. ஸ்காட் என்ற ஆய்வாளருக்குப் பெரும் பங்குண்டு. ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ.வில் பணியாற்றிய அவருடைய கட்டுரைகள் 1950களில் வெளிவந்தன. 0.93க்கும் சற்றுக் கீழே போனால் போட்டுலினம் வளராது, 0.85க்குக் கீழே ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியா நச்சை உண்டாக்குவதில்லை. பூஞ்சைகள் இதைவிட வறண்ட நிலையிலும் வளரும் என்பதை மறக்க வேண்டாம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்ததை ஆராய்ந்தபோதுதான், தீவனத்தில் கலந்திருந்த நிலக்கடலையில் வளர்ந்த பூஞ்சையிலிருந்து வரும் அஃப்லாடாக்சின் என்ற நச்சு அடையாளம் காணப்பட்டது. சமைத்தாலும் பெருமளவு அழியாத நச்சு அது.

குளிரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கெடும் உணவை 5 டிகிரிக்குக் கீழே வைக்க வேண்டும், சூடாக வைப்பதானால் 60 டிகிரிக்கு மேல் வைக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. குளிர் பெரும்பாலான கிருமிகளின் வேகத்தைக் குறைக்கும். லிஸ்டீரியா போன்ற சில, குளிர்பதனப் பெட்டிக்குள்ளும் மெதுவாகப் பெருகிக்கொண்டே இருக்கும்.

இந்த நான்கில் ஒன்றை மட்டும் முழுமையாகப் பயன்படுத்தாமல், பலவற்றைச் சிறு சிறு அளவில் சேர்த்துத் தடுப்பது உண்டு. ஜெர்மனியில் குல்ம்பாக் நகரிலிருந்த அரசு இறைச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த லோதர் லைஸ்ட்னர் இதைத் தடைகளின் வரிசையாக விளக்கினார்: சிறிது உப்பு, சிறிது அமிலம், சிறிது வெப்பம், அதன் மேல் குளிர். இந்தக் கருத்தைப் பயன்படுத்தும் ஆய்வுகளைப் படிக்கும்போது, தடைகளில் ஒன்று தவறினால் என்ன ஆகும் என்று அவர்கள் சோதித்தார்களா என்பதைத் தவறாமல் தேடுங்கள். பல அறிக்கைகளில் அது விடுபட்டிருக்கும்.

மூன்றாம் படி: ஆவணங்களின் வகையறிந்து தேடுங்கள்

ஒரே எண் ஐந்து வகையான ஆவணங்களில் வரலாம். முதலாவது, சோதனையை நடத்தியவர்களே எழுதிய ஆய்வுக் கட்டுரை. இரண்டாவது, அரசு ஆய்வு நிலையங்கள் வெளியிடும் தொழில்நுட்ப அறிக்கை. மூன்றாவது, பல ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் ஆபத்து மதிப்பீடு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவியல் கருத்துரைகள் இவ்வகையைச் சேர்ந்தவை. நான்காவது, அந்த மதிப்பீட்டின் பேரில் எழுதப்படும் தரமும் விதியும். ஐந்தாவது, மக்களுக்கான எளிய அறிவுரைத் தாள். நம்மில் பெரும்பாலோர் ஐந்தாவதில் தொடங்குகிறோம், அதில் தவறில்லை. அங்கிருந்து ஒவ்வொரு படியாக மேலேறி முதலாவது வரை செல்ல வேண்டும்.

விதிகளைத் தேடுவோர் கோடெக்ஸ் அலிமென்டாரியஸ் தரங்களிலிருந்து தொடங்கலாம். ஐக்கிய நாடுகள் சபையின் உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து 1963இல் தொடங்கிய ஆணையம் அது. அதன் தரங்களையும் நடைமுறைக் கோவைகளையும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். நுண்ணுயிரிகள் எந்தச் சூழலில் எவ்வளவு வேகமாக வளர்கின்றன அல்லது இறக்கின்றன என்ற அளவீடுகளைத் தேடுவோருக்கு, பிரிட்டிஷ், அமெரிக்க அரசு அமைப்புகளின் ஆதரவில் உருவான 'காம்பேஸ்' என்ற தரவுத்தளம் பெரிதும் உதவும். அமிலத்தன்மை, நீர்ச் செயல்பாடு, வெப்பநிலை ஆகியவற்றைக் கொடுத்தால், வளர்ச்சி எப்படி இருக்கும் என்று அது வரைந்து காட்டும். அந்தக் கோடு ஒரு கணிப்பு மட்டுமே. உங்கள் உணவில் சோதித்துப் பார்த்ததற்கு அது ஈடாகாது.

தேடுபொறியில் உணவின் பெயரை மட்டும் இட்டால் சமையல் குறிப்புகள்தான் வரும். நுண்ணுயிரியின் அறிவியல் பெயரையும், உணவின் பெயரையும், 'சேலஞ்ச் ஸ்டடி' அல்லது 'தெர்மல் இனாக்டிவேஷன்' என்ற சொற்களையும் ஆங்கிலத்தில் சேர்த்து இடுங்கள். முன்னது, கிருமியை வேண்டுமென்றே உணவில் கலந்து பார்க்கும் சோதனையைக் குறிக்கும். பின்னது, வெப்பத்தால் கிருமியை அழிப்பதைக் குறிக்கும். கட்டணம் கேட்கும் இதழில் கட்டுரை இருந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அரசு நிதி பெற்ற ஆய்வுகளை, குறிப்பிட்ட காலத்துக்குள் பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று பல நாடுகளில் விதி உள்ளது. அதே தலைப்பைப் பல்கலைக்கழகக் களஞ்சியங்களில் தேடினால், ஆசிரியர்களின் கடைசிக் கைப்பிரதி பெரும்பாலும் கிடைத்துவிடும்.

நான்காம் படி: செய்முறைப் பகுதியை முதலில் படியுங்கள்

கட்டுரையின் சுருக்கத்தையும் முடிவுரையையும் மட்டும் படித்துவிட்டு மூடிவைப்பது எளிது. ஆனால் ஆய்வின் உண்மையான எல்லைகள் செய்முறைப் பகுதியில்தான் எழுதப்பட்டிருக்கும். அங்கே நான் முதலில் தேடுவது, சோதித்தது எந்த உணவை என்பதை. ஆய்வகத்தில் ஊட்டக் கரைசலில் வளர்த்த கிருமி, கொழுப்பும் புரதமும் நிறைந்த உணவுக்குள் இருக்கும் கிருமியைவிட எளிதில் இறக்கக்கூடும். அடுத்து, எத்தனை வகைக் கிருமிகளைக் கலந்து சோதித்தார்கள் என்று பார்ப்பேன். ஒரே இனத்துக்குள்ளும் வெப்பத்தைத் தாங்கும் திறன் வகைக்கு வகை வேறுபடும். தொடக்கத்தில் எத்தனை கிருமிகள் இருந்தன என்பதும் முக்கியம். ஆயிரம் கிருமிகளுடன் தொடங்கிய சோதனையால் பத்து லட்சத்தில் ஒன்றாகக் குறைந்தது என்று நிரூபிக்க முடியாது. அதைச் சொல்லத் தேவையான எண்ணிக்கையே அங்கு இல்லை.

பிறகு, வெப்பத்தை எந்த இடத்தில் அளந்தார்கள்? இது எனக்குச் சொந்த அனுபவத்தில் பதிந்த பாடம். ஆய்வகத்தில் நான் பயிற்சி பெற்ற தொடக்க மாதங்களில், நீர் நிறைந்த குடுவைகளில் வெப்பம் ஏறுவதை அளக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. தெர்மோகப்பிள் என்ற மெல்லிய உணர்கம்பியை மூடியின் துளை வழியே இறக்கி, முனை குடுவையின் நட்ட நடுவில் நிற்குமாறு பொருத்தினேன். நடுப்பகுதிதான் கடைசியில் சூடாகும் என்று நினைத்தேன். கெட்டியான கூழுக்கு அது சரி. வெப்பம் அதில் வெளிப்புறத்திலிருந்து உள்ளே மெதுவாக ஊர்ந்து செல்கிறது. ஆனால் நீர்த்த திரவத்தில், சூடான பகுதி சுவரை ஒட்டி மேலெழுந்து, நடுவழியே கீழிறங்கிச் சுழல்கிறது. கடைசியாகச் சூடாகும் இடம் நடுவுக்குக் கீழே, அடிப்பகுதிக்குச் சற்று மேலே இருக்கிறது. என்னை வழிநடத்திய மூத்த ஆய்வாளர் எதுவும் சொல்லாமல் கம்பியைச் சில சென்டிமீட்டர் கீழே இறக்கி, மறுபடி ஓட்டச் சொன்னார். புதிய கோடு, பழைய கோட்டைவிடத் தாமதமாக ஏறியது. இரண்டு தாள்களையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, அந்த இடைவெளியின் அகலம்தான் என் தவற்றின் அளவு என்று புரிந்தது. முதல் கோட்டை நம்பி நேரத்தைக் கணக்கிட்டிருந்தால், குடுவையின் அடிப்பகுதியில் இருந்த உணவுக்குப் போதிய வெப்பம் கிடைத்திருக்காது. அன்றுமுதல், குளிர்ந்த புள்ளியை எப்படிக் கண்டறிந்தார்கள் என்று சொல்லாத ஓர் அறிக்கையின் நேரத்தை நான் குறிப்பேட்டில் எழுதுவதில்லை.

சோதனையை எத்தனை முறை திரும்பச் செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ஒரே நாளில் ஒரே தொகுதியிலிருந்து எடுத்த மூன்று மாதிரிகளும், மூன்று தனித்தனி நாட்களில் தனித்தனியாகத் தயாரித்த மூன்று தொகுதிகளும் எண்ணிக்கையில் ஒன்றாகத் தோன்றினாலும் மதிப்பில் ஒன்றல்ல. சராசரியைவிட, மிக மோசமான முடிவு எது என்பதே பொதுச் சுகாதாரத்துக்கு வேண்டிய தகவல். ஆயிரம் குடுவைகளில் 999 நன்றாக இருந்ததால், மீதி ஒன்றைத் திறக்கும் குடும்பத்துக்கு எந்தப் பயனும் இல்லை.

ஐந்தாம் படி: பணம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள்

கட்டுரையின் இறுதியில் நிதி பற்றிய குறிப்பு இருக்கும். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். இந்தத் துறையில் அரசு பணம் செலவிடுவதற்கு ஒரு தெளிவான காரணம் உண்டு: ஒரு காய்கறியை எவ்வளவு நேரம் வேகவைக்க வேண்டும் என்ற அறிவை யாரும் புட்டியில் அடைத்து விற்க முடியாது. விற்க முடியாத ஒன்றுக்குத் தனியார் முதலீடு எளிதில் வருவதில்லை. ஆனால் அந்த அறிவு இல்லாமல்போனால் நோயின் செலவை எல்லோரும் சுமக்க வேண்டியிருக்கும். 31 நோய்க்காரணிகளை வைத்து உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மாசுபட்ட உணவால் ஆண்டுதோறும் 60 கோடிப் பேர் நோயுறுகிறார்கள், 4,20,000 பேர் இறக்கிறார்கள். இறப்பவர்களில் 1,25,000 பேர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்.

அறிவைப் பொதுவாக்குவது என்ற நிபந்தனையும் பழமையானது. கண்ணாடிப் புட்டியில் உணவை அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையைக் கண்ட நிக்கோலா அப்பேருக்கு, 1810இல் பிரெஞ்சு அரசு 12,000 ஃபிராங்க் அளித்தபோது, அம்முறையை அவர் அச்சிட்டு வெளியிட வேண்டும் என்று கேட்டது. ஏன் அது வேலை செய்கிறது என்பது அவருக்கே தெரியாது. லூயி பாஸ்டரின் விளக்கம் வர மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று. 1902இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஹார்வி வைலி, நாடாளுமன்றம் ஒதுக்கிய 5,000 டாலரைக் கொண்டு, தாமாக முன்வந்த இளைஞர்களின் உணவில் போராக்ஸ், ஃபார்மால்டிஹைடு போன்ற அக்காலப் பதப்படுத்திகளைச் சேர்த்து விளைவுகளைப் பதிவு செய்தார். 1906இல் வந்த தூய உணவுச் சட்டத்துக்கு அந்தப் பதிவுகள் வலுச் சேர்த்தன. ஆனால் மனிதரைப் படிப்படியாக நோயுறச் செய்து பார்க்கும் அத்தகைய சோதனைக்கு இன்று எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது; தரவும் கூடாது. இன்றைய அறிக்கையில் மனிதர்களோ விலங்குகளோ பங்கேற்றிருந்தால், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தொழில்துறையின் பணம் கலந்திருப்பதாலேயே ஓர் ஆய்வைத் தள்ளிவிடத் தேவையில்லை. முன்னர் சொன்ன போட்டுலினம் ஆய்வுப் பணிக்கு டின் உணவுத் தொழிலும் பணம் தந்தது. அரசின் சுகாதார அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் அதில் சேர்ந்து நின்றன. முடிவுகள் தொழிலுக்குக் கசப்பாக இருந்தும் வெளிவந்தன. பார்க்க வேண்டியவை வேறு: தரவு முழுவதும் திறந்து வைக்கப்பட்டிருக்கிறதா, பணம் தந்தவருக்கு வெளியீட்டைத் தடுக்கும் உரிமை இருந்ததா, தொடர்பில்லாத இன்னொரு குழு அதே முடிவுக்கு வந்திருக்கிறதா. அரசுப் பணம் என்பதாலேயே சரியாகிவிடும் என்பதும் இல்லை. இதே மூன்று கேள்விகளை அங்கேயும் கேளுங்கள்.

ஆறாம் படி: பயன்படுத்தும்போது எதையும் மாற்றாதீர்கள்

சோதித்த ஒரு முறையைக் கையில் எடுத்ததும், குடுவையைச் சற்றுப் பெரிதாக்கலாம், கூழைச் சற்றுக் கெட்டியாக்கலாம், உப்பைக் குறைக்கலாம் என்று தோன்றும். பெரிய குடுவையில் நடுப்பகுதி சூடாக அதிக நேரம் ஆகும். மாவோ கொழுப்போ சேர்த்தால் வெப்பம் பரவும் விதமே மாறும். உப்பைக் குறைத்தால் நீர்ச் செயல்பாடு உயரும். இவற்றில் எந்த மாற்றமும் அந்த ஆய்வின் எல்லையை மீறியதாகிவிடும். நீங்கள் வாழும் இடத்தின் உயரமும் கணக்கில் வரும்: கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒவ்வொரு 300 மீட்டர் உயரத்துக்கும் நீரின் கொதிநிலை ஒரு டிகிரி குறைகிறது. அதனால்தான் நல்ல வழிகாட்டிகள் உயரத்துக்கேற்ப நேரத்தையோ அழுத்தத்தையோ தனி அட்டவணையில் தருகின்றன.

சில அறிவுரைகள் முதலில் விசித்திரமாகத் தோன்றும். தக்காளியைக் குடுவையில் அடைக்கும்போது எலுமிச்சைச் சாறு சேர்க்கச் சொல்லும் அமெரிக்க வேளாண்மைத் துறையின் வழிகாட்டி, புதிதாகப் பிழிந்த சாற்றைக் கேட்காமல், கடையில் புட்டியில் வரும் சாற்றையே கேட்கிறது. தக்காளியின் பி.எச். பெரும்பாலும் 4.6ஐ ஒட்டியே இருக்கும். சில பழங்களில் அதைத் தாண்டிவிடும். அதை உறுதியாகக் கீழே இறக்க, அமில அளவு மாறாத ஒரு பொருள் வேண்டும். பழத்தின் சாற்றில் அமிலம் பழத்துக்குப் பழம் வேறுபடும். புட்டியில் அடைத்தது ஒரே அளவுக்குச் சீராக்கப்பட்டிருக்கும். சுவையை நினைத்து மாற்றத் தோன்றும் இடத்தில் காரணத்தை நினைத்து நிற்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

மாற்றியே ஆக வேண்டும் என்ற நிலை ஒரு தொழில்முனைவோருக்கு வரும். அப்போது, மாற்றிய முறையைத் தனியாகச் சோதித்துத் தரும் ஆய்வகத்தையும் வெப்பப் பதப்படுத்தலில் பயிற்சி பெற்ற வல்லுநரையும் நாடுவதே வழி. வீட்டிலோ சிறு கூடத்திலோ நோய்க் கிருமியை வளர்த்துச் சோதிக்க ஒருபோதும் முயல வேண்டாம். அதற்குப் பாதுகாப்பு வசதிகளும் உரிமமும் உள்ள ஆய்வகங்கள் தனியாக இருக்கின்றன.

ஏழாம் படி: தேதியைச் சரிபாருங்கள், பிறகு எழுதிக் கேளுங்கள்

அறிவுரைத் தாள்கள் திருத்தப்படுகின்றன. பழைய பதிப்புகள் இணையத்திலும் வீட்டு அலமாரிகளிலும் அப்படியே கிடக்கின்றன. மேலே சொன்ன எலுமிச்சைச் சாற்று விதியே 1980களின் இறுதியில்தான் அந்த வழிகாட்டிக்குள் வந்தது. அதற்கு முந்தைய புத்தகத்தை வைத்திருப்பவர் அதை அறிய வழியில்லை. ஆகவே, ஒவ்வோர் எண்ணுக்கும் அருகில் ஆவணத்தின் பெயர், பதிப்பு ஆண்டு, நீங்கள் பார்த்த தேதி ஆகிய மூன்றையும் எழுதுங்கள். ஆய்வுக் கட்டுரை பின்னர் திரும்பப் பெறப்பட்டிருக்கிறதா, திருத்தம் வெளியாகியிருக்கிறதா என்று இதழின் பக்கத்தில் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புரியாத இடம் இருந்தால், கட்டுரையில் தொடர்புக்கெனக் குறிப்பிடப்பட்டுள்ள ஆய்வாளருக்கே மின்னஞ்சல் அனுப்பலாம். புதியவர்கள் இதற்குத் தயங்குகிறார்கள். தயங்க வேண்டியதில்லை, தம் அட்டவணையை ஒருவர் வரிவரியாகப் படித்திருக்கிறார் என்பது ஆய்வாளருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. நீங்கள் யார், எதற்காகப் படிக்கிறீர்கள் என்று இரண்டு வரிகளில் சொல்லுங்கள். எந்தப் பக்கம், எந்த அட்டவணை, எந்த வரி என்று குறிப்பிடுங்கள். நீங்கள் புரிந்துகொண்டதை ஒரு வாக்கியத்தில் எழுதி, அது சரியா என்று கேளுங்கள். ஒரு கடிதத்தில் ஒரு கேள்வி போதும். பதில் வர இரண்டு மூன்று வாரங்கள் ஆகலாம். வந்ததும், அதைக் குறிப்பேட்டில் அந்த எண்ணுக்கு நேராகத் தேதியுடன் எழுதிக்கொள்ளுங்கள்.